குலசேகரம் புகையறையில் 4 பாட்டு, 7 நிமிடம் 40 வினாடி

ஆடி மழையால்தான் இது நடந்தது. மழை நாளில் ரப்பர் பால்வெட்டு கிடையாது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பனுக்கு அதுதான் தொழில். ஞாயிறானால் சர்ச்சில் வாசிப்பான். அவன் வீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையில் அடுப்பு அணைந்திருந்த இரண்டு நாளில் டெத் மெட்டல் (உறுமும் குரலில் பாடும் கனத்த ராக் இசை) டெமோவை, அதாவது மாதிரிப் பாட்டுகளைப் பதிவு செய்தோம். காலி அறையில் ஸ்நேர் டிரம் கணீரென்று எதிரொலித்தது. கொடியில் ஷீட்டுகளைத் தொங்கவிட்டதும் அந்த எதிரொலி அடங்கிவிட்டது. மைக் இரண்டே இரண்டு. தகரக் கூரையில் மழை வலுத்தால் நிறுத்துவோம், விட்டதும் தொடங்குவோம்.

முதலில் நிமிடத்துக்கு 220 தாளம் என்ற வேகத்தில் பிளாஸ்ட் பீட் என்கிற இடைவிடாத அடி. அதாவது வினாடிக்கு ஏழு தடவைக்கு மேல் ஸ்நேரில் அடி விழவேண்டும். கேட்டுப் பார்த்தால் ஒரே இரைச்சல். “கொஞ்சம் குறைச்சுப் பாப்போம் மக்கா” என்றான். 190-க்கு வந்தோம். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது, பாட்டுக்கு எடையும் கூடியது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

கிட்டாருக்கு பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 என்ற, ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலின் நகல் ஒன்று. 1990-இல் வெளியான முதல் ஆல்பத்துக்காக ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் எண்டூம்ப்ட் குழு எடுத்த அந்த மரமறுக்கும் வாள் ஒலி எனக்குப் பித்து. நான்கு குமிழ்களையும் முழுசாகத் திருப்புவதுதான் அதன் வழி. ஆனால் கம்பிகளை 5 அரைச்சுரம் இறக்கி பி (B) சுரத்தில் வைத்திருந்தேன். அடிக்கம்பி 62 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்கிறது. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் அடித்தொனியும் ஏறக்குறைய அங்கேதான். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கின. மிக்சிங்கில் கிட்டாரின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பகுதியை வெட்டிய பிறகுதான் கிக் வெளியே வந்தது. மூன்று இரவு போயிற்று இதற்கு.

டெமோ என்றால் கேசட்டில் வரவேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பரணில் 11 பழைய கேசட்டுகள் கிடந்தன. பதிவு அழியாமலிருக்க உடைத்த பாதுகாப்புத் துளையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஒன்றில் மட்டும் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் யாரோ வீட்டு டேப்பில் பிடித்த வில்லுப்பாட்டு இருந்தது. அதை முழுக்க உட்கார்ந்து கேட்டேன், கணினியில் ஏற்றி வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை. மற்ற பத்தில் ஏழு தேறின. இரண்டு பக்கமும் அதே நான்கு பாட்டு. பதிவு அளவைச் சற்று ஏற்றி வைத்ததில் டேப்பே ஸ்நேரின் கூர்மையை மழுக்கிக் கொடுத்தது.

மூன்றாம் பாட்டின் குரல் மட்டும் சரியில்லை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலில் கடல் ஏறியதைப் பற்றிய பாட்டு அது. மற்றவற்றில் உறுமல் உறுமலாகவே போகட்டும். இதில் ஊர்ப்பெயர் காதில் விழவேண்டும். தொண்டையை இறுக்கிவிட்டேன், ‘குளச்சல்’ கரைந்துபோயிற்று. அடுத்த மழைக்கு மறுபடி பாடுகிறேன். அதுவரை ஏழு கேசட்டும் என் மேசையில்தான்.