பனை விதை நடவுக்கு ஒரு செயலி: புள்ளி வைக்காதீர்கள், கோடு போடுங்கள்

ஏரிக்கரையில் பனை விதை நடுகிற தன்னார்வலர்களுக்குச் செயலி செய்ய உட்கார்ந்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ஒவ்வொரு விதைக்கும் ஒரு போட்டோ, வரைபடத்தில் ஒரு புள்ளி. எங்கள் முதல் வடிவமும் அதுதான். அது தேறாது என்பதற்குக் காரணம் வெறும் கணக்கு. விதைக்கு விதை 10 அடி, அதாவது 3 மீட்டர் இடைவெளி. திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கருவேல மரத்தடியில் இன்னும் மோசம். 500 மீட்டர் கரையில் ஒரு வரிசைக்குச் சுமார் 165 விதை. அத்தனை புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதி தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும். அடுத்த வருடம் அதை வைத்து ஒரு கன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 'துல்லியம் 5 மீட்டர்' என்று சொன்னால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் பொருள். மூன்றில் ஒன்று வெளியே போகலாம்.

ஆகவே பதிவின் அலகை மாற்றினோம். விதை அல்ல, கரையின் ஒரு துண்டு. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை இருப்பிடம் எடுத்தால் போதும். ஒவ்வொரு முனையிலும் 10 விநாடி நின்று, 15 மீட்டருக்கு மேல் பிழை காட்டும் அளவுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் சராசரி. கூடவே நாலு விவரம்: எத்தனை விதை, எத்தனை வரிசை, நீர்ப்பக்கமா வயல்பக்கமா, அடையாளம் என்ன. இந்தக் கடைசி விவரம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. 'இரண்டாம் மதகிலிருந்து கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) வரை, வயல்பக்கம், ஒரு வரிசை' என்று எழுதியிருந்தால் ஊர்க்காரர் யாரும் போன் இல்லாமலே போய் நிற்பார்.

எண்ணிக்கை இரட்டிப்பாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்கள்தான். ஒரே சாக்கை இரண்டு பேர் பதிவு செய்வார்கள். 'ஒரு வரிசைக்கு ஒரு போன்' என்று குழுத்தலைவரிடம் மட்டும் பதிவை விட்டதும் அது பெருமளவு நின்றது. மிச்சம் சிக்னல் செய்கிற வேலை. அனுப்பியது போய்ச் சேர்ந்துவிடும், பதில் மட்டும் திரும்பாது. போன் மறுபடி அனுப்பும். பதிவு உருவாகும்போதே போனுக்குள் ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்கக் கூடாது.

கரையில் இணையம் இல்லை என்று வைத்தே வடிவமைக்க வேண்டும். எல்லாம் முதலில் போனில் சேமியட்டும், வீடு திரும்பியதும் தானாகப் போகட்டும். 3, 4 எம்பி வருகிற போட்டோவை நீளப் பக்கம் 1280 பிக்சலாகக் குறைத்தால் 300 கேபிக்குள் அடங்கும். போட்டோவைச் செயலிக்குள்ளிருந்தே எடுக்க வைத்து, இருப்பிடத்தைத் தனியாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் இருப்பிடத் தகவல் இருக்காது; கேலரியிலிருந்து எடுத்தாலும், தனி அனுமதி வாங்காவிட்டால் ஆண்ட்ராய்டு 10 முதல் அதை மறைத்துவிடுகிறது. வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் சர்வரிலிருந்து படத்துண்டுகளை மொத்தமாக இறக்கி வைக்க அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. தரவு இலவசம், ஏரியின் எல்லைக்கோட்டை மட்டும் எடுத்து, அவர்கள் பெயரைப் போட்டு, நாமே வரைந்துகொள்ளலாம்.

திரை விஷயத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். பனம்பழச் சாறும் களிமண்ணும் ஒட்டிய விரல், உச்சி வெயில். விசைப்பலகையே வரக்கூடாது. விதை எண்ணிக்கைக்கு +1, +10 என்று இரண்டு பெரிய பொத்தான்கள், தவறினால் குறைக்க ஒன்று. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. வெளிர் பச்சை எழுத்து பார்க்க அழகு, வெயிலில் காணாமல் போகும். ஆங்கில எழுத்துக்கு அளந்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'கூ'வின் வால் கீழே வெட்டுப்படும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு உயரம் கொடுங்கள். பொத்தானில் 'பதிவேற்றுக' வேண்டாம், 'அனுப்பு' போதும்.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் ஒரே கிராமம் ஐந்து எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும். ஒன்றியப் பஞ்சாயத்துராஜ் அமைச்சகம் ஊர்தோறும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் எல்ஜிடி பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வையுங்கள். ஏரி யாருடையது என்பதும் ஒரு கட்டாயக் கட்டம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளது பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். அனுமதிக் கடிதம் யாருக்கு என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

உள்நுழைவுக்கு ஓடிபி வைத்தால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிய வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்தில் 160, செலவு ஏறும். நடுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளி மாணவர்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. மாணவர்களுக்குக் கணக்கே வேண்டாம். ஆசிரியர் தலை எண்ணிக்கையை மட்டும் போடட்டும்.

எங்கள் பெரிய சறுக்கல் நினைவூட்டலில். மற்ற மரக்கன்றுச் செயலிகளைப் பார்த்து '30 நாளில் போய்ப் பாருங்கள்' என்று வைத்தோம். பனை அப்படி வளராது. விதையிலிருந்து முளை முதலில் கீழே இறங்கும். மூன்று மாதத்தில் மண்ணுக்குள் கிழங்கு. முதல் ஓலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். முப்பதாம் நாள் போனவர்கள் வெறும் மண்ணைப் பார்த்து 'பட்டுவிட்டது' என்று அழுத்தினார்கள். செயலியில் அத்தனை கரையும் சிவப்பு! இப்போது முதல் ஆய்வு அடுத்த ஆடிக்குத்தான். விடைகளும் மூன்று: ஓலை தெரிகிறது, தெரியவில்லை, தோண்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது முக்கியம், கிழங்குக்காக ஆளும் தோண்டலாம், பன்றியும் தோண்டலாம். முழுக்கரையையும் நடக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு துண்டிலும் 30 மீட்டர் எண்ணினால் போதும்.

'அதிகம் நட்டவர்' பட்டியலை எடுத்துவிட்டோம். அது இருந்தவரை எண்கள் பொங்கின, இடைவெளி சுருங்கியது.

நாள் கணக்கையும் சொல்லிவிடலாம். பழம் விழுவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டு முடிக்க வேண்டும். புதிய தனிநபர் பிளே ஸ்டோர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே வெளியிட விண்ணப்பிக்க முடியும். பின்னணியில் இருப்பிடம் கேட்டால் தனி விளக்கமும் வீடியோவும் கேட்பார்கள். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. ஆனி பிறக்கும்போது சோதனை தொடங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக, தரவை எக்செல்லில் திறக்கிற மாதிரி இறக்கிக் கொடுங்கள். சிஎஸ்வி கோப்பின் (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) தொடக்கத்தில், எழுத்துமுறை எது என்று சொல்லும் யூடிஎஃப்-8 குறி இல்லையென்றால் எக்செல்லில் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். அதிலிருந்து ஏரிக்கு ஒரு தாள் அச்செடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கரையைப் பலப்படுத்த வருகிற ஜேசிபி ஓட்டுநருக்கு எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை மண் அள்ளக் கூடாது என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.