மைனா பறந்து போச்சு

இந்த வேலைக்கு வந்த புதுசுல நான் பண்ண ஒரு தப்பப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். பினாங்குல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு கிளினிக்கல் ரிசர்ச் பக்கம் வந்தவ நான், ஸ்டடி கோர்டினேட்டர். பேஷண்டக் கூப்பிட்டு உக்கார வைக்கிறது, ஒப்புதல் ஃபாரத்தப் படிச்சு வெளக்குறது, ரத்தம் எடுக்குறது, மிச்சமான மாத்திரைய எண்ணி எழுதுறது, டாக்டர் பேட்டி எடுக்கும்போது கூட இருக்குறது, இதுதான் என் வேலை. இதுல வர்ற ஆளுங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஊரு, வயசு, தொழில் எல்லாத்தையும் மாத்திட்டேன், பேச்சையும் கொஞ்சம் மாத்தியிருக்கேன், அதோட போக்கு மட்டும்தான் அப்படியே இருக்கு.

மனச்சிதைவு நோய்க்கு ரத்தத்துல பாக்குற மாதிரி ஒரு டெஸ்ட் இன்னும் கெடையாது. அதனால மருந்து வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க பேட்டி எடுத்து மார்க் போட்டுத்தான் ஆகணும். அதுக்கு உலகம் பூரா அதிகமா பயன்படுத்துறது பேன்ஸ்னு சொல்ற ஒரு ஸ்கேல், 1987ல ஸ்டான்லி கே, ஃபிஸ்பைன், ஓப்லர்னு 3 பேரு அமெரிக்காவுல உண்டாக்கினது. மொத்தம் 30 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 1லேருந்து 7 வரைக்கும் மார்க், 1னா அந்தக் கோளாறு இல்ல, 7னா உச்சம். குரல் கேக்குறது, சந்தேகம், பிரமை மாதிரி கூடுதலா வந்து சேர்ந்தது 7, முகத்துல உணர்ச்சி இல்லாம ஒதுங்கிப் போறது மாதிரி இருந்தது இல்லாமப் போறது 7, பயம், சோர்வுன்னு பொதுவா 16. பேட்டி அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், போன ஒரு வாரத்துல எப்படி இருந்தாருங்கிறதத்தான் அளக்கணும்.

அன்னைக்கு பேட்டி எடுத்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பேஷண்டுக்கு மலாய் தெரியும், ஆனா பதட்டமானா தமிழ்லதான் பேசுவாரு. "நீங்க மொழிபெயர்த்துச் சொல்லுங்க"ன்னு டாக்டர் என்கிட்ட கேட்டாரு, எனக்கும் சந்தோஷம், நம்ம ஆளுக்கு நம்ம பேசலாம்னு. வீட்டுல எப்படி இருக்கீங்கன்னு கேட்டதுக்கு அந்த அண்ணன் சொன்னது இது: "லைட்டுக் கம்பத்துல காக்கா உக்காந்துச்சு மிஸி, அதான் அப்பாவுக்கு பென்சன் நின்னுருச்சு, பென்சன்னா பென்சிலுதானே, பென்சில சீவுனா மை வராது, மை போச்சு, மைனா பறந்து போச்சு, போச்சுன்னா போச்சுதான்."

நான் டாக்டர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாவுக்கு பென்சன் நின்னுருச்சாம், அதுலேருந்து மனசு சரியில்லையாம்."

வேணும்னு பண்ணல. மனுசன் பேசுறதுல அர்த்தம் தேடுறது நம்ம பழக்கம், அதுலயும் நர்ஸா இருந்தவளுக்கு பேஷண்ட் கேவலப்படக் கூடாதுன்னு ஒரு நெனப்பு உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும், வெள்ளத்துணிய இழுத்து மூடுற மாதிரி அவரு பேச்சையும் நான் இழுத்து மூடிட்டேன். ஆனா பி2ன்னு ஒரு விஷயம் இருக்கு, யோசனை கோர்வையா ஓடுதாங்கிறது. பென்சன்லேருந்து பென்சிலு, பென்சில்லேருந்து மை, மையிலேருந்து மைனான்னு சத்தத்தப் புடிச்சிக்கிட்டே தாவுச்சே, அதுதான் பி2வுல நாங்க தேடுறதே. அது தமிழ் காதுக்கு மட்டும்தான் கேக்கும். நான் சொன்னதக் கேட்டு டாக்டர் 2 போட்டாரு, 2ன்னா சந்தேகத்துக்கு இடமான அளவு, கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

ஒப்புதல் வாங்கி எல்லாப் பேட்டியையும் ரெக்கார்ட் பண்ணியிருந்தோம். சில வாரம் கழிச்சு தமிழ் தெரிஞ்ச வேற ஒரு மனநல டாக்டர் அதக் கேட்டுட்டு, இது 5ன்னு எழுதி அனுப்பினாரு. அந்தக் கடுதாசியப் படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. மூணு மார்க்குதானேன்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, மொத நாளு நான் சுத்தம் பண்ணிச் சொல்லி 2, ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் உள்ளத உள்ளபடி சொல்லி 4ன்னு வந்தா, கொறைஞ்ச நோயி கூடிப்போச்சுன்னு கணக்காயிடும், நல்ல மருந்துக்குக் கெட்ட பேரு வந்துரும். போட்ட மார்க்க அழிக்கவும் முடியாது எங்க வேலையில, ஒரே கோடா வெட்டணும், வெட்டுன எழுத்து அடியில தெரியணும், பக்கத்துல கையெழுத்து, தேதி, எதுக்காக மாத்துனோம்னு காரணம் எழுதணும். டாக்டர் ரெக்கார்டிங்க திரும்பக் கேட்டுட்டு வெட்டித் திருத்தினாரு. காரணத்த நான் தனி நோட்டா எழுதிக் குடுத்தேன், மொழிபெயர்ப்புல பேச்சு மாத்தப்பட்டதுன்னு. அந்தப் பேப்பர் இன்னும் ஃபைல்ல இருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு. மொழிபெயர்க்கும்போது புரியுதோ இல்லையோ வார்த்தை வார்த்தையா சொல்றது, "டாக்டர், இந்த ரெண்டு சொல்லும் தமிழ்ல ஒரே மாதிரி சத்தம்"னு தனியா சொல்றது. குடும்பத்து ஆளுங்கள மொழிபெயர்க்க விடவே மாட்டேன், அம்மா அப்பா என்னைய விட நல்லா இழுத்து மூடுவாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமா ஒண்ணும் நடக்கும். ஒரு பையன், பட்டர்வொர்த் பக்கம், "கெர்ஜாவுக்குப் போனேன், தவுக்கே காஜி குடுக்கல, அதான் பாலேக் ஆயிட்டேன்"னான். இங்க இருக்கிற யாருக்கும் இதுல ஒரு குழப்பமும் இல்ல, வேலைக்குப் போனான், மொதலாளி சம்பளம் தரல, திரும்பி வந்துட்டான். தமிழ்நாட்டுலேருந்து யாராவது ரெக்கார்டிங்கக் கேட்டா மொழி கலந்து சிதறிப் பேசுறான்னு நெனைக்க வாய்ப்பிருக்கு. தமிழ் தெரிஞ்சா மட்டும் பத்தாது, இந்த ஊருத் தமிழ் தெரியணும். அதனால ஓரத்துல "இது இங்க சாதாரணப் பேச்சு"ன்னு எழுதி வைப்பேன்.

சாமி விஷயம் இன்னும் கஷ்டம். "முருகன் என்கிட்ட பேசுனாரு"ன்னு ஒருத்தர் சொன்னா அது பிரமையா? தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறுனவங்க எத்தனையோ பேரு அப்படித்தான் சொல்வாங்க, காவடி எடுத்த என் சொந்தத் தம்பியே சொல்லியிருக்கான். ஒரு சமூகமே ஏத்துக்கிட்ட நம்பிக்கைய நோய்னு எண்ணக்கூடாதுங்கிறது இந்தத் துறையில எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம். எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? நான் கத்துக்கிட்டது, கூட விரதம் இருந்தவங்ககிட்ட கேக்குறது. ஒரு அக்காவுக்கு அம்மன் வரும், வெள்ளிக்கிழமை பூசையில வரும், அரை மணி நேரத்துல எறங்கிரும், குறி சொல்வாங்க, அப்புறம் சமைக்கப் போயிருவாங்க. அவங்க கூடப் பொறந்தவங்க சொன்னாங்க, "மிஸி, வெள்ளிக்கிழமை வர்றது அம்மன். இப்ப மூணு மாசமா டிவிக்குள்ளேருந்து பேசுது, சோத்துல வெசம் இருக்குன்னு சொல்லுது, அது அம்மன் இல்ல." இத விடத் தெளிவா எந்த மேனுவலும் சொல்லித் தரல எனக்கு.

பழமொழி கேக்குறதும் இந்தப் பேட்டியில உண்டு, என்5ன்னு ஒரு விஷயத்துக்காக. சொல்லுக்குப் பின்னால இருக்கிற பொருளப் புடிக்க முடியுதான்னு பாக்குறது. இங்கிலீஷ்ல இருக்கிற பழமொழிய அப்படியே மாத்திக் கேட்டா, ஆளு அதிகமா சேர்ந்தா சூப்பு கெட்டுப்போகும்னு, நல்லா இருக்கிறவங்களே முழிப்பாங்க. எங்களுக்கு ஊருக்கு ஏத்ததப் போட்டுக்கலாம்னு அனுமதி இருந்துச்சு, அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு போட்டோம். டிகிரி படிச்ச ஒரு தம்பி ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "அம்மி வெயிட்டு, நகராது, ரெண்டு பேரு வேணும்"னான். அதே வாரம் நிபோங் தெபால் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன ஒரு பாட்டி, பள்ளிக்கூட வாசல மிதிக்காதவங்க, "அது புருசனப் பத்திச் சொன்னதும்மா, நச்சரிச்சுக்கிட்டே இருந்தா கல்லும் எறங்கி வரும்"னாங்க. படிப்பப் பாத்து நானே முன்கூட்டி மனசுக்குள்ள ஒரு மார்க் வெச்சிருந்தேன், அன்னையோட அத விட்டுட்டேன்.

ஒப்புதல் ஃபாரத்தோட தமிழப் பத்தியும் சொல்லணும். "சீரற்ற முறையில் ஒதுக்கீடு"ன்னு அச்சடிச்சிருந்தா யாருக்குப் புரியும்? நான் பையிலேருந்து 20 சென் காச எடுத்துச் சுண்டிக் காட்டுவேன், இந்தப் பக்கம் விழுந்தா இந்த மருந்து, அந்தப் பக்கம் விழுந்தா அந்த மருந்து, டாக்டருக்கும் தெரியாது எனக்கும் தெரியாதுன்னு. அப்பதான் கேள்வியே வரும், "அப்போ எங்க புள்ளைக்கு மருந்தே இல்லாத மாத்திரை வந்துட்டா?"ன்னு. அந்தக் கேள்வி வந்தப்புறம்தான் கையெழுத்துக்கு அர்த்தம் இருக்கு. கேள்வி வராத வீட்டுல நான் அன்னைக்குக் கையெழுத்து வாங்குறதில்ல, பசியாறிட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிருவேன்.

கடைசியா ஒரு அம்மா. மகனுக்கு முப்பது வயசு இருக்கும், ரெண்டு மருந்து முழு அளவுல குடுத்தும் கேக்கல, குளோசபின் ஆரம்பிச்சாங்க, நாங்க அவர மாதாமாதம் அளந்துக்கிட்டு வந்தோம். குளோசபின் கதையே மேடு பள்ளம்தான். 1975ல ஃபின்லாந்துல அதச் சாப்பிட்ட சிலருக்கு வெள்ளணு அடியோட விழுந்து செத்துப் போனாங்க, பல நாட்டுல நிறுத்திட்டாங்க. 1988ல ஜான் கேனும் கூட இருந்தவங்களும், எந்த மருந்துக்கும் மசியாத 268 பேர வெச்சு 6 வாரம் பாத்தாங்க, குளோர்புரோமசின்ங்கிற பழைய மருந்துல 4 சதவீதம் பேருக்குத்தான் தேறுச்சு, குளோசபின்ல 30 சதவீதம் பேருக்குத் தேறுச்சு. அதனாலதான் திரும்பி வந்துச்சு. மொத 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளணு எண்ணணும், அந்தக் கையில குத்தாத எடம் இல்ல, அந்தத் தம்பி ஒரு நாளும் முகம் சுளிக்கல. அவருக்கு முகத்துல எதுவுமே வராத காலம் அது.

சொந்தக்காரங்க அவர "தஞ்சோங் ரம்புத்தான் கேசு"ன்னு பேசுவாங்களாம். 1911லேருந்து பேராக்ல இருக்கிற அந்த மனநல ஆஸ்பத்திரி ஊரு பேர வசவா ஆக்கிட்டோம் நம்ம, எனக்கு அதக் கேட்டாலே எரியும். அந்த அம்மா கல்யாணம் காச்சிக்குப் போறதையே விட்டுட்டாங்க.

மொத அளவுல மொத்தம் 98. என் மேசையில இருந்த தாள அவங்க எட்டிப் பாத்துட்டாங்க போல, ஒண்ணும் சொல்லல. மூணு மாசம் கழிச்சு 81. அன்னைக்கும் பாத்துட்டாங்க, கண்ணு கலங்கிருச்சு, "என்னம்மா மார்க் கொறைஞ்சிருச்சே, நான் சரியா பாத்துக்கலையா?"ன்னாங்க. ஸ்கூல் மார்க்குன்னு நெனச்சிட்டு மூணு மாசமா 98ங்கிற சந்தோஷத்துல இருந்திருக்காங்க. தாள மறைச்சு வைக்காதது என் தப்பு. கையப் புடிச்சிக்கிட்டு சொன்னேன், "இல்லம்மா, இது கொறையக் கொறைய நல்லது"ன்னு.

எவ்வளவு நல்லதுன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு நேரா பதில் சொல்ல முடியல. 98லேருந்து 81, 17 கொறைஞ்சிருக்கு, 17ஐ 98ஆல வகுத்தா 17 சதவீதம். ஆனா இந்த ஸ்கேல்ல நோயே இல்லாதவங்களுக்கும் 30 விஷயத்துக்கு ஒவ்வொண்ணா 30 மார்க் வரும், அப்போ அந்த 30ஐக் கழிச்சிட்டுத்தான் வகுக்கணும், 17ஐ 68ஆல வகுத்தா 25 சதவீதம். 20 சதவீதத்த எல்லையா வெச்ச ஆராய்ச்சியில ஒரு கணக்குல இவரு தேறல, இன்னொரு கணக்குல தேறிட்டாரு. ஒரே ஆளு, ஒரே மருந்து. கழிக்காம போட்ட கணக்கு எத்தனையோ கட்டுரையில வந்திருக்கு, அதத் திருத்தணும்னு ஸ்டெஃபான் லாய்க்ட் மாதிரி ஜெர்மன்காரங்க திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க.

அந்த அம்மாகிட்ட சதவீதம் எதுவும் சொல்லல. "வீட்டுல என்னம்மா வித்தியாசம்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. குரல் இன்னும் கேக்குதாம், ராத்திரி இன்னும் நடக்குறாராம். அப்புறம், "கோப்பி குடிச்ச கப்ப இப்பல்லாம் அங்கேயே வெக்கிறதில்லம்மா, அவனே கழுவி கவுத்து வெக்கிறான். நேத்து என்னோட கப்பையும் சேர்த்துக் கழுவினான்"னாங்க.

என்4ன்னு ஒரு விஷயம் இருக்கு, ஆர்வமில்லாம ஒதுங்கிப் போறது. அத பேட்டியில அளக்க முடியாது, வீட்டுல இருக்கிறவங்க சொல்றத வெச்சுத்தான் போடணும். டாக்டர் 5ஐ 4 ஆக்கினாரு. ஆதாரத் தாள்ல நான் மொதல்ல தமிழ்ல எழுதினேன், "கப்பை அவனே கழுவி கவுத்து வெக்கிறான், என்னோட கப்பையும்", அதுக்குக் கீழதான் இங்கிலீஷ்ல. செக் பண்ண வந்தவரு இது என்ன எழுத்துன்னு கேட்டாரு. அந்த அம்மா சொன்னதுன்னு சொன்னேன்.