உப்பை விட்ட பிறகுதான் தாகம் விட்டது

சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தொடங்கியவரிடம் எல்லோரும் சொல்வது, "தண்ணீரைக் குறையுங்கள்." எப்படிக் குறைப்பது என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. மதுரையின் சித்திரை வெயிலில் நா வறண்டு கிடக்கும்போது மன உறுதியெல்லாம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. எனக்கு வழி காட்டியவர் பக்கத்துப் படுக்கைப் பெரியவர். "தண்ணீரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் ஊறுகாயை விடுங்கள்" என்றார்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாவற்றையும் விட்டேன். உடம்பில் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும்வரை அது தண்ணீர் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். சில வாரங்களில் தாகம் தணிந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை குறைந்ததால், டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரத்தில் இயந்திரம் இழுக்க வேண்டிய நீரும் குறைந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும், எழுந்ததும் கண் இருட்டுவதும் அதோடு குறைந்தன.

எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு: ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவு, கூடவே 500 மி.லி. காலையில் அந்த அளவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைப்பேன். காபி குடித்தால், அதே டம்ளர் அளவை பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசத்துக்கும் மோருக்கும் அப்படியே. செம்பருத்தி நன்றாக வளர்ந்திருக்கிறது.

உறவினர்களின் அக்கறைதான் பெரும்பாடு. சித்தி ஒருமுறை "சோடியம் குறைந்த உப்பு" வாங்கி வந்தார். அந்த வகை உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இளநீரும் வாழைப்பழமும் எனக்கு ஆகாமல் போனது அதனால்தான். உருளைக்கிழங்கை மட்டும் விட மனம் வரவில்லை. தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எப்போதாவது கொஞ்சம் வதக்கிக்கொள்கிறேன். "சிறுநீரகக்காரருக்கு முட்டை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. டயாலிசிஸில் புரதமும் கழிந்து போகிறது. முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொன்னதே உணவியல் நிபுணர்தான்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். பல் துலக்கும் முன் அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பேன். மாவு அரைக்கும் கிரைண்டரைத் தொட்டதுபோல ஒரு அதிர்வு ஓட வேண்டும். அது நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடமாட்டேன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் பட்டையைச் சுற்ற வந்தவரிடம் குரல் உயர்த்தியே சொல்ல வேண்டியிருந்தது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வெளியூர் போக முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். தங்கை மகள் கல்யாணம் திருநெல்வேலியில் என்றதும், முன்கூட்டியே அங்குள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தில் இடம் கேட்டோம். அண்மையில் எடுத்த எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகளையும், என் உலர் எடை (மிகை நீர் இல்லாதபோதுள்ள எடை), ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெபாரின் மருந்தின் அளவு எழுதிய மருத்துவரின் குறிப்பையும் கேட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் முடித்துக்கொண்டேன். பந்தியில் பாயசம் இரண்டு கரண்டி. பாட்டிலில் அதற்கான தண்ணீரை முன்பே கழித்திருந்தேன்.