வினைமுற்றில் நின்றுபோன வாக்கியம்

வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் எழுதிய ‘ஆர்லாண்டோ’ நாவலை நான் ஆங்கிலத்தில் படித்து, படித்த பகுதியை இரவில் என் மனைவிக்குத் தமிழில் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கான்ஸ்டாண்டிநோபிளில் தூதராக இருக்கும் ஆர்லாண்டோ ஏழு நாள் அசையாமல் தூங்கி, ஆணாகப் படுத்து, பெண்ணாக விழிக்கும் இடம் வந்தது. ‘ஆர்லாண்டோ கட்டிலிலிருந்து’ என்பதுவரை சொன்ன எனக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. எழுந்தான் என்பதா, எழுந்தாள் என்பதா? வுல்ஃபும் அங்கே சற்றுத் தயங்கி, பன்மைச் சுட்டுப்பெயரில் ஒரு வரி எழுதிவிட்டு, வழக்கத்துக்காக இனிப் பெண்பாலில் சொல்லவேண்டியிருக்கிறது என்று வாசகரிடம் அறிவித்துவிட்டே மேலே போகிறார். தமிழில் படர்க்கையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வினைமுற்றும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. ‘ஏன் இவ்வளவு யோசிக்கிறாய், கதைதானே?’ என்றாள் அவள். ‘ஆமாம், கதைதான்’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

எங்களுக்குத் திருமணமாகி அப்போது எட்டு ஆண்டுகள். பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாத் தாள்களிலும் நான் ஆண். அந்தச் சொல் என்மீது சரியாக உட்காரவில்லை என்ற உணர்வு சிறுவயதிலிருந்தே இருந்தாலும், பெண் என்ற சொல்லும் அப்படியே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தவில்லை என்பதால், இதை எவரிடமும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். தன்மையில் பேசும்வரை தமிழ் எனக்குச் சௌகரியமான மொழிதான். ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் அந்த ‘ஏன்’ விகுதிக்குள் ஒளிந்திருந்தேன் என்றே சொல்லலாம். ஆனால் மனைவியிடம் மனம் திறக்க எனக்கு உதவியது தன்மை அல்ல, படர்க்கை. நாவலிலும் திரையிலும் வரும் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற பாவனையில், வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்து, என்னைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கினோம். அது பாவனை என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் சில மாதங்கள் அதைக் கலைக்காமல் வைத்திருந்தோம்.

சாலி பாட்டர் 1992இல் எடுத்த ‘ஆர்லாண்டோ’ திரைப்படத்தை அடுத்து பார்த்தோம். ஆர்லாண்டோவாக நடிக்கும் டில்டா ஸ்வின்டன் கண்ணாடியில் தன் உடலைப் பார்த்து, அதே ஆள்தான், பால் மட்டுமே வேறு என்று சொல்லிவிட்டு, நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அந்தக் காட்சி எனக்காக எடுக்கப்பட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, என் மனைவியோ அரசி எலிசபெத்தாக குவென்டின் கிரிஸ்ப் நடித்திருந்ததில்தான் மகிழ்ந்துபோனாள். பெண்ணாக நடிக்கும் ஓர் ஆணும் ஆணாக நடிக்கும் ஒரு பெண்ணும் எதிரெதிரே நிற்கும்போது, கால் மணி நேரத்தில் அந்தக் கணக்கையே மறந்துவிடுகிறோமே என்றாள். நாவலில் ஆர்லாண்டோவும் அவள் மணக்கப்போகும் ஷெல்மர்டைனும் ஒருவரையொருவர் பார்த்து, நீ பெண்தான் என்றும் நீ ஆண்தான் என்றும் வியந்து கூவும் இடம் ஒன்று உண்டு. சில நாள் அது எங்கள் வீட்டு வேடிக்கையாக இருந்தது. படம் பார்த்து நான் அழுதாலோ, பழுதான மின்விசிறியை அவள் கழற்றினாலோ அந்த வசனத்தைச் சொல்லிக்கொள்வோம்.

பிறகு ஒருநாள் அவளே அதை நிறுத்தினாள். அழுவதைப் பெண்மை என்றும் மின்விசிறி கழற்றுவதை ஆண்மை என்றும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால் இத்தனை படித்தும் என்ன பயன் என்று கேட்டாள். பெண் என்பதற்காகத் தன்மேல் சுமத்தப்பட்ட வேலைகளையும் அடக்கத்தையும் வாழ்நாள் முழுதும் தான் வெறுத்திருப்பதாகவும், ஆனால் தான் பெண்ணா என்ற ஐயம் ஒரு கணமும் தனக்கு வந்ததில்லை என்றும், எனக்கு இருப்பது இந்த வெறுப்புதானா, வேறா என்பதை நான் யோசிக்கவேண்டும் என்றும் சொன்னாள். அதுவரை நான் இரண்டையும் ஒன்றாகவே குழப்பி வைத்திருந்தேன். ஆணுக்கு விதித்த வேடம் பிடிக்காத ஆண்கள் ஏராளம் இருக்கிறார்கள், அவர்கள் ஆண்கள்தான். எனக்கு வேடத்தில் பெரிய குறை இல்லை, அதில் சிலவற்றை விரும்பியே செய்கிறேன். ‘ஆண்கள்’ என்று எண்ணும்போது அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்பதுதான் என் சங்கதி. இதை ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

‘தி டேனிஷ் கேர்ள்’ (2015) பார்த்த மாலை சண்டையில் முடிந்தது. ஆணாக வளர்ந்து, மணமாகி, பிறகு பெண்ணாக மாறிய ஓவியர் லிலி எல்பெயின் கதை அது. கூடவே அவருடைய மனைவியும் ஓவியருமான கெர்டா வெகெனரின் கதையும். படத்தில் கெர்டா கடைசி அறுவை சிகிச்சைவரை உடனிருந்து, கண்ணீரோடு வழியனுப்புகிறார். நான் நெகிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உண்மையில் நடந்ததைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள். 1930இல் அவர்களுடைய திருமணம் செல்லாது என்று முடித்துவைக்கப்பட்டது. 1931இல் கெர்டா ஓர் இத்தாலிய அதிகாரியை மணந்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் டிரெஸ்டனில் லிலி இறந்தபோது கெர்டா அருகில் இல்லை. ‘இந்தப் படம் கெர்டாவைப் போகவே விடவில்லை, பார்த்தாயா?’ என்றாள். லிலியாக நடித்த எடி ரெட்மெய்ன், அந்த வேடத்தை ஏற்றது தவறு என்று 2021இல் ஒப்புக்கொண்டது ஊரறிந்த செய்தி. மனைவியைத் தியாகியாக மாற்றியதைப் பற்றி அத்தனை பேர் வருந்தியதாக நான் படிக்கவில்லை. போகலாம் என்ற வழி தனக்கும் திறந்திருந்தால்தான் இருப்பது தன் முடிவாகும் என்று அவள் சொன்னபோது, அவளுடைய பொறுமையை ஏதோ இயற்கைக் குணம்போல நான் செலவழித்துக்கொண்டிருந்தது உறைத்தது. இரண்டு நாள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஆணாக வாழ்ந்து பின் பெண்ணாக மாறிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் மாரிஸ் தன் வாழ்வைச் சொல்லும் ‘கானண்ட்ரம்’ (1974) நூலை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மூன்று நான்கு வயதில் தாயின் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோதே தான் தவறான உடலில் பிறந்ததாக உணர்ந்ததாகச் சொல்லித் தொடங்குகிறார் மாரிஸ். எனக்கு அப்படி ஒரு பியானோ இல்லை, அதாவது தேதி குறித்துக் காட்டக்கூடிய நினைவு இல்லை; அந்தப் பக்கத்தில் எனக்குப் பொறாமையே வந்தது. மாரிஸும் எலிசபெத்தும் 1949இல் மணந்தவர்கள். விவாகரத்து செய்தால்தான் அறுவை சிகிச்சை என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் சொன்னதால், மாரிஸ் 1972இல் காசாபிளாங்கா சென்று செய்துகொண்டார். சட்டத்துக்காகப் பின்னர் விவாகரத்தும் நடந்தது. ஆனாலும் சேர்ந்தே வாழ்ந்து, 2008இல் இரு பெண்களாகச் சட்டப்படி மீண்டும் இணைந்துகொண்டார்கள். எலிசபெத் தன் குரலில் பேசும் இடத்தைத் தேடித் தேடி என் மனைவி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கிடைத்தது போதவில்லை என்பது அவள் முடிவு.

தமிழில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019). பல ஆண்டுகளுக்குப் பின் ஷில்பாவாகத் திரும்பிவரும் கணவரை மனைவி ஜோதி பார்க்கும் பார்வையில் கோபம், திகைப்பு, பழைய அன்பு எல்லாம் ஒன்றையொன்று விலக்காமல் இருக்கின்றன. திருநங்கை வேடத்தில் ஏன் ஒரு திருநங்கை நடிக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியோடுதான் நாங்களும் பார்த்தோம். திருநங்கைகளின் தன்வரலாறுகளான லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வையும் ரேவதியின் ‘வெள்ளை மொழி’யையும் படித்தபோது மட்டும் எங்கள் விளையாட்டு நின்றுவிட்டது. வீட்டையும் வேலையையும் இழந்து, அடியும் அவமதிப்பும் பட்டு எழுதியவர்களின் வாழ்க்கையை, பூட்டிய வீட்டுக்குள் சாய்நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கண்டுபிடிக்கும் கருவியாக எடுத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் வந்தது. அவற்றைப் படித்தோம், அவர்களைப் பற்றியே பேசினோம்.

என்னைச் சுட்டும் பெயரும் விகுதியும் மட்டும் மிஞ்சின. பெரும்பாலான நாள்களில் ஆணோ பெண்ணோ அல்லாத மனிதர்களைக் கற்பனை செய்த நாவலாசிரியர் உர்சுலா லெ குவினே 1969இல் வந்த அந்த நாவலில் அவர்களை ஆண்பாலில்தான் எழுதினார்; முதலில் அதை நியாயப்படுத்தியவர், பின்னாளில் அது குறைதான் என்று ஒப்புக்கொண்டார். நன்னூலைப் புரட்டினேன். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்றும் சொல்லும் பவணந்தியார், உடலைப் பார்க்காமல் அவாவைப் பார்த்ததில் வியந்துபோனேன். இரண்டும் அஃறிணை போலவும் வரும் என்று தொடர்ந்து வருவதைப் படித்ததும் வியப்பு இறங்கிவிட்டது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை அவாவாமல் நடுவில் நிற்பவருக்கு அதில் இடமும் இல்லை.

தீர்வு என் மனைவியிடமிருந்து வந்தது. நாங்கள் கல்லூரித் தோழர்கள். கணவனை ‘அவர்’ என்று சொல்லும் வழக்கத்தைப் பிடிவாதமாக மறுத்து, இத்தனை ஆண்டுகளும் என்னை ‘அவன்’ என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தவள் அவள். (அவளை இங்கே எப்படிக் குறிப்பிடட்டும் என்று கேட்டேன். தனக்கு ‘அவள்’ போதும் என்றாள்.) இப்போது தொலைபேசியில், ‘அவர் படித்துக்கொண்டிருக்கிறார்’ என்கிறாள். பால் காட்டாத விகுதி அது என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். மகளுக்கு ஒருவழியாகக் கணவன்மேல் மரியாதை வந்துவிட்டதென்று அவளுடைய அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.