குலசை தசராவுல ஒரு எக்ஸ்பரிமென்டல் வீடியோ எடுத்த அனுபவம்

சாமி, அமானுஷ்யம்னு வீடியோ எடுக்கிறேன்னு சொன்னாலே ஆளாளுக்கு புகை போடு, சிவப்பு லைட் போடு, மந்திரத்தை ரிவர்ஸ்ல ஓட்டுன்னு ஐடியா குடுப்பாங்க. எனக்கு அதெல்லாம் சலிச்சுப் போச்சு. பகல் வெளிச்சத்துல தெரிஞ்ச மூஞ்சியே திடீர்னு தெரியாத மூஞ்சியா மாறுதுல்ல, அதுதான் வேணும்னு குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு கிளம்பினேன்.

தெரியாதவங்களுக்கு, அங்க வேண்டுதல் இருக்கறவங்க வேஷம் கட்டி காணிக்கை வாங்கி கோயில் உண்டியல்ல போடுவாங்க, குரங்கு, கரடி, போலீஸ், ராஜான்னு எல்லாம் உண்டு, ஆனா காளி வேஷம் மட்டும் தனி, விரதமும் கடுமை. நண்பனோட சித்தப்பா காளி கட்டறவர். ஆளுக்கு நல்ல பெரிய மீசை, மேல சிவப்பு பூசி, கோரைப்பல்லு, நாக்கு, முதுகுல மரக்கை எல்லாம் கட்டி முடிச்சதும் வீட்டுல இருக்கற அத்தனை பேரும் "அம்மா"ன்னுதான் கூப்பிடறாங்க, அவர் சம்சாரம் உட்பட! நானும் "அம்மா, ஒரு ஷாட் எடுத்துக்கலாமா"ன்னு கேட்டுட்டுதான் கேமராவ ஆன் பண்ணேன். அருள் வந்தா ஷூட் பண்ண மாட்டேன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், அதுல எந்த காம்ப்ரமைஸும் இல்ல.

பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம். கூட்டம் லட்சக்கணக்குல, கிட்டப் போகவே முடியாது, ஒரு லோடு வண்டி மேல ஏறி ஜூம்லதான் எடுத்தேன். அம்மன் வதம் பண்ற மகிஷாசுரன் பொம்மை தலை மாத்தி மாத்தி வருவான், சிங்கம், எருமை, சேவல்னு. எல்லாரும் அந்தத் தலையத்தான் ஷூட் பண்ணுவாங்க. எனக்கு வேணும்னது ஒரு தலைய கழட்டி இன்னொண்ணு மாட்டற அந்த கேப். தலையில்லாத ஒடம்பு கூட்டத்துக்கு மேல ஆடிட்டே நிக்குது, பின்னாடி ஒரு ஆள் கை மட்டும் தெரியுது, கழுத்து ஓட்டைய தடவித் தேடுது. நிஜத்துல சில செகண்டுதான், எடிட்ல ஸ்லோ கூட பண்ணல, அதையே திரும்பத் திரும்ப லூப்ல ஓட விட்டேன்.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த லைட்டு கண்ணுக்குத் தெரியாம துடிச்சிட்டே இருக்கும், கேமரா ஷட்டர் 1/50 செகண்ட் வச்சா அதோட ஒத்துப்போய் பெரும்பாலும் வீடியோவுல ஃபிளிக்கர் ஆகாது. நான் வேணும்னே 1/80 வச்சேன், அம்மன் முகத்து மேல கறுப்பு பட்டை ஊர்ந்து போகுது. அந்த ஷாட் இன்னிக்கும் எனக்கு கொஞ்சம் பயம்தான். சவுண்டுல தாரை தப்பட்டைய மொத்தமா தூக்கிட்டு, விடியக்காலையில ஆளில்லாத கடற்கரையில ரெக்கார்ட் பண்ண அலை சத்தத்தை மட்டும் போட்டேன். எந்த எஃபெக்டும் இவ்ளோ வேலை செஞ்சிருக்காது.

முடிச்சு சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "ஏ தம்பி, கொட்டு சத்தமே இல்லாம என்னத்தப்பா எடுத்திருக்க"ன்னு போன். ஒரிஜினல் சவுண்டோட தனியா ஒண்ணு வெட்டிக் குடுத்தேன், அதத்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கார்.