அந்தரத்தில் மிதக்கும் கருப்பை

யூன் 3, திங்கள்

சுகாதாரக் கல்விப் பயிலுநர்களுக்கு இன்று இனப்பெருக்கத் தொகுதியைத் தொடங்கினேன். படத்தைக் கொடுத்துப் பகுதிகளைக் குறிக்கச் சொன்னதும் பென்சில்கள் விரைந்தன. சூலகம், பலோப்பியன் குழாய், கருப்பை, கருப்பைக் கழுத்து, யோனி என எல்லாம் சரி. சாதாரண தரப் பரீட்சைக்கு மனனம் செய்தது அழியாமல் நிற்கிறது. பிறகு பலகையில் ஓர் உடலின் வெறும் கோட்டுருவத்தை வரைந்து, இதற்குள் கருப்பை எங்கே என்று கேட்டேன். ஒருத்தி தொப்புளுக்கு மேலே வட்டம் போட்டாள். மற்றொருவர் வயிறு முழுவதையும் நிரப்பிவிட்டார். கருப்பைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்டபோது வகுப்பில் மூச்சில்லை.

பாடநூல்களில் வரும் அந்த முன்பக்கப் படத்தின் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. அதில் கருப்பை அந்தரத்தில் மிதக்கிறது. சிறுநீர்ப்பை இல்லை, நேர்குடல் இல்லை, இடுப்பெலும்பு இல்லை.

யூன் 5, புதன்

கருப்பை பேரிக்காய் வடிவம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பேரிக்காயைக் கையில் பிடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? இங்குள்ள திருநெல்வேலிச் சந்தையில் ஜம்புப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். காம்பு கீழே வரும்படி பிடித்தால் போதும். மேலே அகலம், கீழே ஒடுங்கிய கழுத்து. பிள்ளை பெறாத பெண்ணின் கருப்பை ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம். அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குள், முன்னே சிறுநீர்ப்பைக்கும் பின்னே நேர்குடலுக்கும் இடையில் அது இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சிறுநீர்ப்பையின் மேல் முன்சாய்ந்திருக்கும். சிலருக்குப் பின்சாய்ந்திருக்கும். அது நோயல்ல. கர்ப்பிணிகள் ஏன் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுகிறார்கள் என்பதற்கான காரணங்களில் ஒன்றை இனி நான் சொல்லவேண்டியதில்லை. பின்வரிசையில் இருந்தவரே சொல்லிவிட்டார்.

ஜம்பு வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துபோனது.

யூன் 10, திங்கள்

கரவெட்டியிலிருந்து வரும் பிள்ளை துணியில் ஒரு மாதிரியுரு தைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சிய சிவப்புப் பட்டில் கருப்பை, வெள்ளைச் சீத்தையில் குழாய்கள், பஞ்சு அடைத்த இரண்டு சூலகங்கள். குழாய் முனைக்குச் சேலைக் குஞ்சத்தையே வெட்டிப் பொருத்தியிருந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி. ஆனால் குஞ்சத்தைச் சூலகத்தோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

கத்தரிக்கோல் கேட்டு அந்தத் தையலை மட்டும் பிரித்தேன். அவள் முகம் வாடியது. சூலகமும் குழாயும் ஒட்டியிருப்பதில்லை என்று விளக்கினேன். சூலகத்திலிருந்து வெடித்து வரும் முட்டை சுமார் 0.1 மில்லிமீற்றர் அளவு. குழாயின் விரல் போன்ற நீட்சிகள் சூலகத்தைத் தடவி அதை ஏந்திக்கொள்கின்றன. குழாயின் உட்புறத்திலுள்ள நுண்மயிர்களும் தசை அசைவும் அதைக் கருப்பைப் பக்கம் நகர்த்துகின்றன. கருக்கட்டல் கருப்பையில் அல்ல, பெரும்பாலும் குழாயின் அகன்ற பகுதியில் நடக்கிறது. கரு அங்கேயே தங்கிவிட்டால் குழாய் கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியும் மயக்கமும் வந்தால் ‘வாய்வு’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

“அப்படியென்றால் இடைவெளி விட்டே தைக்கிறேன், மிஸ்” என்றாள்.

யூன் 14, வெள்ளி

பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொல்லியிருந்தேன். கேட்டவர் வெட்கப்படும் கேள்விகள்தான் பயனுள்ளவை. சிறுநீரும் மாதவிடாயும் ஒரே வழியாகவா வருகின்றன? இல்லை. பெண்ணுக்குச் சிறுநீர்வழி, யோனித்துவாரம், மலவாசல் என மூன்றும் தனித்தனி. மாதவிடாய் கெட்ட இரத்தமா? கருப்பையின் உட்படலம் உதிர்ந்து இரத்தத்தோடு வருகிறது. அதில் கெட்டது எதுவுமில்லை. இந்த ஊரில் முதல் மாதவிடாய்க்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்து, உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டுகிறோம். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை.

ஒரு துண்டில் யோனித்துவாரத்தின் ஓரத்திலுள்ள கன்னிச்சவ்வைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் அதன் வடிவம் வேறுபடும். அதைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டாளா என்று யாராலும் சொல்லமுடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனையை ஒழிக்கவேண்டும் என்று 2018 இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கேட்டுக்கொண்டன. கல்யாணப் பேச்சில் இதை நாசூக்காக விசாரிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம்.

யூன் 19, புதன்

ஆண் உறுப்புகள். இதுவரை பெண்களைப் பற்றித் தாராளமாகக் குறிப்பெடுத்த ஆண்கள் இன்று யன்னலைப் பார்த்தார்கள். விதைகள் ஏன் உடலுக்கு வெளியே இருக்கின்றன என்றால், விந்து உருவாக உடல் வெப்பநிலையை விட 2 முதல் 3 பாகை குறைவாக இருக்கவேண்டும். ஒவ்வொரு விதையின் பின்னாலும் சுருண்டிருக்கும் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 6 மீற்றர் வரும். அங்கிருந்து விந்துக்குழாய் கவட்டு வழியாக மேலேறி, சிறுநீர்ப்பையைச் சுற்றி அதன் பின்னால் இறங்கி, புரோஸ்ரேற் சுரப்பிக்குள் நுழைகிறது. அந்தச் சுரப்பி சிறுநீர்வழியைச் சுற்றியிருப்பதால்தான் வயதில் அது பெரிதாகும்போது தாத்தாமார் சிறுநீர் கழிக்க முக்குகிறார்கள்.

கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் ஆண்மை போய்விடும் என்று ஒரு தம்பி உறுதியாகச் சொன்னார். வழியைப் பலகையில் வரையச் சொன்னேன். வெட்டுவது விந்துக்குழாயை. விதையில் சுரக்கும் ஆண் ஓமோன் போவது இரத்தத்தில். வரைந்து முடித்ததும் தானே அழித்துவிட்டு அமர்ந்தார்.

யூன் 24, திங்கள்

தேர்வுத்தாளை எழுதி முடித்தேன். முன்பக்கப் படம் இல்லை. பக்கவாட்டு வெட்டுமுகம் மட்டும், வெறும் கோட்டில். கருப்பையோடு சிறுநீர்ப்பையும் நேர்குடலும் இடுப்பெலும்பும் உரிய இடத்தில் வரையப்படவேண்டும். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கமாட்டேன், இடப்பிழைக்குக் குறைப்பேன்.