தண்ணீரோடு மல்லுக்கட்டிய வெள்ளிச் சுரங்கம்

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். சுரங்கம் பார்க்க இருட்டு வேண்டும். அன்றைக்கு நான் போன இடம் தெற்குப் போலந்தில், சைலீசியா பகுதியில் இருக்கும் டார்னோவ்ஸ்கியே கூரி. அங்குள்ள பழைய வெள்ளிச் சுரங்கத்தை 360 பாகைப் படங்களில் சுற்றிப் பார்க்கலாம். அம்புக்குறியைத் தொடத் தொட உள்ளே போய்க்கொண்டே இருக்கிறோம்.

‘கூரி’ என்றால் இன்றைய போலிஷ் மொழியில் மலைகள். பழைய வழக்கில் அதற்குச் சுரங்கங்கள் என்றும் பொருள் உண்டு. ஊர்ப் பெயரில் இருப்பது அந்தப் பழைய பொருள்தான். ரிப்கா என்ற குடியானவரின் எருது நிலத்தைக் கிளறியபோது தாது வெளிப்பட்டது என்று ஒரு கதை சொல்கிறார்கள். 1526இல் அந்த ஊருக்குச் சுரங்க நகர உரிமை கிடைத்தது.

தரையிலிருந்து 40 மீட்டர் ஆழம். உள்ளே எப்போதும் சுமார் 10 டிகிரி குளிர். சுவரெல்லாம் வெள்ளியாக மின்னும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. இங்கே வெட்டியது கலீனா என்ற ஈயத் தாது. வெள்ளி அதற்குள் துளியளவு ஒளிந்திருக்கும். தாதுவை உருக்கி ஈயமாக்கி, அந்த ஈயத்தை மறுபடி காற்றுப்பட எரித்தால் ஈயம் ஆக்சைடாகப் பிரிந்துவிடும், கடைசியில் ஒரு பொட்டு வெள்ளி மிஞ்சும். அந்தப் பொட்டுக்காகத்தான் மனிதர்கள் எண்ணெய் விளக்கோடு இவ்வளவு ஆழம் இறங்கினார்கள்.

சில பாதைகள் மிகவும் தாழ்வானவை. கேமரா சுலபமாக நுழைந்துவிடுகிறது, உடம்புக்கு அது தெரிவதில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்க் குந்தி, கையை ஓங்கிப் பார்த்தேன். முழங்கை முட்டியது. ஐந்து நிமிஷத்தில் முதுகு வலித்தது. அப்புறம் திரும்பி வந்து அந்தச் சுவர்களில் இருந்த உளித் தடங்களைப் பார்த்தபோது, ஒவ்வொரு கீறலும் யாரோ ஒருவருடைய தோள்வலியாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் தண்ணீர். எங்கே தோண்டினாலும் ஊறிக்கொண்டே இருந்தது. பல தலைமுறைகள் அதை இறைத்தே களைத்தார்கள். 1784இல், அப்போது சைலீசியாவை ஆண்ட பிரஷ்ய அரசு இங்கே ஃபிரெடரிக் சுரங்கத்தைத் தொடங்கியது. 1788இல் நீராவி எஞ்சின் ஒன்றைப் பிரிட்டனிலிருந்து வரவழைத்துத் தண்ணீர் இறைக்க வைத்தார்கள். ஐரோப்பியப் பெருநிலத்துக்கு வந்த ஆரம்பகால நீராவி எஞ்சின்களில் அதுவும் ஒன்று. மக்கள் அதை ‘நெருப்பு எந்திரம்’ என்றார்கள். ஜெர்மன் கவிஞர் கோத்தே 1790இல் இங்கே வந்திருக்கிறார்.

எனக்கு எஞ்சினைவிடப் பிடித்தது வடிகால் சுரங்கங்கள்தான். தண்ணீர் தானாகவே வெளியே ஓடும்படி, சரிவு பார்த்துக் கிலோமீட்டர் கணக்கில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். பம்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். இவ்வளவு பொறுமையான பொறியியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதோடு, இறைத்துக் கொட்டிய அதே தண்ணீரைப் பிறகு குடிநீராகச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுத்தார்கள். 2017இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, சுரங்கத்தோடு இந்த நிலத்தடி நீர் மேலாண்மையையும் சேர்த்தே பெயர் சூட்டியது. அது மிகச் சரி.

நேரில் போகிறவர்கள் 1,740 மீட்டர் பாதையில் 270 மீட்டரைப் படகில் கடக்கிறார்கள். அருகிலேயே ‘கருப்பு ட்ரௌட்’ என்ற வடிகால் சுரங்கம் இருக்கிறது. அதில் 600 மீட்டர் முழுக்கப் படகுதான். ட்ரௌட் என்பது மீன். அந்தத் தண்ணீரில் தென்பட்டதால் வந்த பெயர்.

சைலீசியச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு ஸ்கார்ப்னிக் என்ற பாதாளக் காவலர் உண்டு. கையில் விளக்கோடு வந்து, ஆபத்து வருமுன் எச்சரிப்பாராம். அவரை நினைத்துக்கொண்டே படகுப் பாதையின் படத்தைப் பெரிதாக்கினேன். இருபுறமும் ஈரப் பாறை, நடுவில் கண்ணாடி போல அசையாத கரும்பச்சைத் தண்ணீர். அடுத்த அம்புக்குறியைத் தொட மனம் வரவில்லை. விடியற்காலை வரைக்கும் அந்தப் படத்திலேயே இருந்தேன்.